தாத்தாவின் பேட்சைப் பாதியாக வெட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இது இரண்டாவது குழந்தை. மூன்றரை வயது. கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது, ராத்திரி வலியில் அழுதிருக்கிறான். தாத்தாவுக்குப் புற்றுநோய் வலிக்காகக் கொடுத்த, தோல் வழியாக வலி மருந்தை உள்ளே விடும் ஃபென்டனில் பேட்ச் வீட்டில் இருந்தது. கத்தரியால் பாதியாக வெட்டி முதுகில் ஒட்டிவிட்டார்கள். எங்களிடம் தூக்கி வந்தபோது கண்பாவை குண்டூசி முனையளவு. நிமிடத்துக்கு எட்டே மூச்சு.

"ஊசின்னா பயப்படுவான் டாக்டர். வலிக்காத பேட்ச் குழந்தைங்களுக்கு வந்துடுச்சுன்னு படிச்சேன்" என்றார் அப்பா.

அவர் படித்தது பொய்யில்லை. ஆனால் அந்தப் பேட்ச் வேறு. அதில் ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத நுண்ணூசிகள் இருக்கும். தோலில் வைத்து அழுத்தினால் கரைந்து மருந்தை விடும். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பு மருந்தை அப்படிக் குழந்தைகளின் மணிக்கட்டில் 5 நிமிடம் ஒட்டிப் பார்த்த ஆய்வு 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒன்பது மாதக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே பேட்சில் தட்டம்மைக்கு எதிர்ப்பு சக்தி உருவானது. எங்களுக்கும் சந்தோஷம்தான். அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டு ஊசி போடுவதில் யாருக்கு ஆசை? மாதக்கணக்கில் வேலை செய்யும் மருந்துகளை இப்படிக் கொடுக்கவும் முயல்கிறார்கள். அது கடினம். தடுப்பு மருந்து துளியூண்டு போதும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஹெச்.ஐ.வி. மருந்தான கபோடெக்ராவிர் ஊசியில் 600 மில்லிகிராம் இருக்கிறது. அவ்வளவையும் ஒரு சின்னப் பட்டைக்குள் எப்படி அடைப்பது?

சரி, இப்போது அந்தப் 'பாதி' கணக்குக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவதே இதில்தான். பெரியவருக்கு ஒன்று என்றால் குழந்தைக்குப் பாதி, கைக்குழந்தைக்குக் கால்: இந்தக் கணக்கு மாத்திரைக்கே சரிவராது. சில பேட்சுகளில் மருந்து ஜெல்லாகப் பைக்குள் இருக்கும். வெட்டினால் மூன்று நாளுக்கானது மொத்தமாகக் கசியும். பசையிலேயே மருந்து கலந்த வகையில் அப்படிக் கசியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபென்டனில் பேட்ச், ஏற்கெனவே அபின் வகை மருந்துக்கு உடல் பழகிய நோயாளிக்கு மட்டுமே தருவது. தாத்தாவின் உடல் பல மாதங்களாகப் பழகியது. பேரன் உடலுக்கு அது முதல் தடவை. பாதியோ காலோ, அவனுக்கு அது மூச்சை நிறுத்தும் அளவு. காய்ச்சலோ வெந்நீர் ஒத்தடமோ சேர்ந்தால் மருந்து இன்னும் வேகமாக உள்ளே போகும்.

கழற்றிய பேட்சும் காலியானது இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-இல் எச்சரித்தபோது, 15 ஆண்டுகளில் 26 குழந்தைகள் தற்செயலாக இந்தப் பேட்சில் மாட்டியதையும் அதில் 10 பேர் இறந்ததையும் சொன்னது. பாதிக்கு மேல் இரண்டு வயதுக்குள்.

எனவே, கழற்றியதும் பசைப்பக்கம் உள்ளே போக மடியுங்கள். குப்பைக்கூடையில் வீசாதீர்கள், மருந்தகத்தில் கேட்டு அவர்கள் சொல்கிறபடி ஒழியுங்கள். குழந்தை முன்னால் ஒட்டாதீர்கள். ஸ்டிக்கர் என்றுதான் நினைக்கும். குழந்தை உடம்பில் பார்த்தால் பிய்த்துவிட்டு, வெறும் தண்ணீரில் கழுவி உடனே கிளம்புங்கள். "நல்லாத்தானே விளையாடுறான்" என்று வீட்டில் உட்காராதீர்கள். பிய்த்த பிறகும் தோலுக்கடியில் தேங்கியது மணிக்கணக்கில் ரத்தத்தில் இறங்கும். எங்களிடம் வந்த அந்தப் பையனுக்கு, அபின் வகை மருந்தை முறிக்கும் நாலோக்சோன் ஊசி போட்டதும் கண் விழித்தான், ஒரு மணி நேரத்தில் மறுபடி சொக்கினான். விடியும்வரை அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியிருந்தது.

அப்புறம், வலிக்காத பேட்ச் வரட்டும் என்று தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போடும் பெற்றோருக்கு: தயவுசெய்து வேண்டாம். பேட்ச் இன்னும் ஆய்வில் இருக்கிறது, தட்டம்மை வெளியே இருக்கிறது.

பையன் தேறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மீதிப் பாதி எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். தெரியவில்லை. வீட்டுக்கு ஃபோன் போட்டுத் தேடச் சொன்னோம். கட்டிலுக்கடியில் கத்தரியோடு கிடந்ததாம். அந்த வீட்டில் தவழ்கிற வயதில் இன்னொரு குழந்தை இருக்கிறது.