கூடு காலியானாலும் பேன் போவதில்லை

ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சாவூர்ப் பக்கம் வயலோர மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக வந்து உட்காரும். இமயமலைப் பகுதியிலும் வட ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இங்கே வந்து பூச்சி பிடித்துத் தின்னும் பறவை. அது அங்கே விட்டுவந்த மண்கூட்டில் வேறொரு உயிர் பட்டினி கிடக்கும். ரத்தம் குடிக்கும் சிற்றுண்ணி அது. நம் பஞ்சாரத்தில் கை வைத்தால் மேலே ஏறி அரிக்கும் கோழிப்பேனுக்கு நெருங்கிய சொந்தம், சிலந்தி வகை.

பெரிதாக வளர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். பகலில் இடுக்கில் பதுங்கிக் கிடக்கும். இருட்டிப் பறவை அடைந்ததும் அதன் உடற்சூட்டையும் அசைவையும் உணர்ந்து ஏறி, குடித்துவிட்டு இடுக்குக்கே திரும்பும். ராத்திரி டார்ச் அடித்துப் பஞ்சாரத்தின் மூங்கில் பிளாச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தைப் பாருங்கள். சாம்பல் புள்ளிகள் பசியோடு இருப்பவை, சிவப்புப் புள்ளிகள் குடித்து முடித்தவை.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுப் பேனுக்கு ஆறு கால்கள்தான். அது எதையும் குடிக்காது. தோலுரித்து எட்டுக் கால் வந்த பிறகுதான் ரத்தம். கதகதப்பு இருந்தால் முட்டையிலிருந்து முட்டை வரை ஒரு வாரம் போதும். தகைவிலான் குஞ்சு கூட்டில் இருப்பதோ சுமார் 20 நாள். அதற்குள் இரண்டு மூன்று தலைமுறை பெருகி, இறகு முளைக்காத குஞ்சுகளை மொய்த்துவிடும்.

சரி, பறவை போன பிறகு? குளிர் கொன்றுவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் கோழிச் சிற்றுண்ணி சாவதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை குளிர வேண்டும். மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் ஒட்டிய கூடு அவ்வளவு குளிர்வது அரிது. லேசான குளிர் அதற்கு நல்லதுதான். உடல் இயக்கம் மந்தமாகி, குடித்த ரத்தம் நாள்பட வரும். தீனியே இல்லாமல் எட்டு மாதம் வரை உயிரோடு கிடக்கும். பறவை திரும்பிவர அதைவிடக் குறைந்த காலமே ஆகும்.

பறவைகளும் சும்மா இருப்பதில்லை. கொல்கத்தாவில் சிட்டுக்குருவிகள் கூட்டுக்குள் வேப்பிலை கொண்டுவந்து வைப்பதை 1981இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. மெக்சிகோ நகரில் சிகரெட் துண்டின் பஞ்சு அதிகமிருந்த கூடுகளில் சிற்றுண்ணி குறைவாக இருந்தது.

ஆகவே கோழியை விற்றுவிட்டுப் பஞ்சாரத்தை இரண்டு மாதம் சும்மா போட்டுவைப்பதால் பேன் ஒழியாது. அது தாங்காதது 45 டிகிரிக்கு மேற்பட்ட சூடு. வெயிலில் கவிழ்த்தால் இடுக்குவரை சூடு இறங்காது. கொதிக்கும் தண்ணீரை ஒவ்வொரு இடுக்காக ஊற்றுங்கள். தப்பிய முட்டை பொரித்திருக்கும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை ஊற்றுங்கள்.