டிக் விழுந்தது, ஆள் ஏன் வரவில்லை?

"செய்தி போயிருக்கிறது, டிக்கும் விழுந்திருக்கிறது. ஆள்தான் வரவில்லை." அவசர அழைப்புக்கு ஆள் வரத் தாமதமான பிறகு விசாரித்தால் மறுபடி மறுபடி வரும் பதில் இதுதான். உடனே பழி நெட்வொர்க்கின் மேல் விழும். பதிவுகளைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் செய்தி ஓரிரு விநாடியில் கைபேசிக்குப் போயிருக்கும். மேசையில் கவிழ்ந்து கிடந்த கைபேசி சத்தம் போட்டிருக்காது. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மீட்புக் குழுக்களை அழைக்கும் வேலை மொபைல் பிராட்பேண்டுக்கு மாறிக்கொண்டிருக்கும்போது இதை இன்னும் எத்தனை தடவை சொல்வது?

டிக் என்பது எதற்கான சாட்சி என்று முதலில் கேளுங்கள். சர்வர் செய்தியை ஏற்றுக்கொண்டது ஒன்று. சர்வரிடமிருந்து, செயலிகளின் அறிவிப்பைக் கைபேசிக்குத் தள்ளும் புஷ் சேவை வாங்கிக்கொண்டது இன்னொன்று. கைபேசிக்குள் இறங்கியது, திரை எரிந்து ஒலி கேட்டது, ஆள் எடுத்துப் பார்த்தது, "வருகிறேன்" என்று அழுத்தியது என்று அதற்கப்புறமும் படிகள் இருக்கின்றன. எந்தப் படியிலும் செய்தி நின்றுவிடலாம். கைபேசி நெட்வொர்க்குகளுக்கான 3ஜிபிபி தரநிலையின் 14ஆம் வெளியீட்டில் வந்த, அவசரக் குழுக்கள் செய்தியும் தரவும் அனுப்புவதற்கான எம்சிடேட்டா சேவையில் "சேர்ந்தது", "படிக்கப்பட்டது" என்ற இரண்டு அறிவிப்புகளையும் தனித்தனியாக வைத்திருப்பதே, இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான். ஆட்களை அழைத்து அனுப்பும் டிஸ்பேட்சர் நம்பவேண்டியது கடைசிப் படியை மட்டுமே. "வருகிறேன்" என்ற பதில் வராதவரை அந்த ஆளுக்குச் செய்தி கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரையில் எத்தனை டிக் இருந்தாலும் சரி, அவை என்ன நிறத்தில் இருந்தாலும் சரி.

அடுத்த சமாதானம்: "எங்களிடம் இருப்பது முன்னுரிமை சிம்." நல்லதுதான். அவசர சேவைகளுக்கான அணுகல் வகுப்பு 14 அந்த சிம்மில் எழுதப்பட்டிருந்தால், நெரிசலில் டவர் மற்றவர்களைத் தடுத்து நிறுத்தும்போதும் உங்கள் கைபேசிக்குக் கதவு திறக்கும். உள்ளே போனபின், 1 முதல் 15 வரையுள்ள ஒதுக்கீட்டு முன்னுரிமை எண்ணும், பிறரை விலக்கி இடம்பிடிக்கும் உரிமையும் உதவும். உயிர்காக்கும் சேவைகளின் சிக்னலிங்குக்கு, அதாவது இணைப்பை நடத்தும் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு என்றே 60 மில்லிவிநாடி தாமத வரம்புள்ள க்யூசிஐ 69 என்ற சேவைத் தர வகுப்பு இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லுபடியாகும். கைபேசி அலுவலக வைஃபையில் தொங்கிக்கொண்டிருந்தால் உங்கள் முன்னுரிமைக்கு அங்கே மதிப்பே கிடையாது. அந்த வைஃபை உள்நுழைவுப் பக்கம் கேட்டு நின்றால் கைபேசியில் இணைப்பு இருப்பதுபோலத் தெரியும், டேட்டா நகராது. இரட்டை சிம் கைபேசியில் டேட்டா சொந்த சிம்முக்கு மாறியிருந்தாலும் இதே கதிதான். ஆப் ஸ்டோரில் இறக்கிய சாதாரணச் செயலியின் செய்திகள், ஆபரேட்டர் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால், வீடியோ பார்ப்பவரின் டேட்டாவோடு ஒரே வரிசையில்தான் நிற்கும்.

இனி, எல்லோரும் மறந்துவிடும் கைபேசி. ஆண்ட்ராய்டு 6இலிருந்து டோஸ் என்ற உறக்கநிலை உண்டு. சார்ஜர் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து கிடக்கும் கைபேசிக்குச் சாதாரண முன்னுரிமையில் அனுப்பிய புஷ் செய்தி, அது அடுத்து விழிக்கும்வரை காத்திருக்கும். உயர் முன்னுரிமைக் குறியோடு அனுப்பினால்தான் உடனே எழுப்பும். அதற்காக ஷிஃப்ட் பட்டியலையும் பிறந்தநாள் வாழ்த்தையும் உயர் முன்னுரிமையில் அனுப்பாதீர்கள். ஒரு செயலியின் உயர் முன்னுரிமைச் செய்திகள் பயனருக்கு அறிவிப்பாகத் தெரியாமலே போய்க்கொண்டிருந்தால், புஷ் சேவை அவற்றைச் சாதாரணமாக இறக்கிவிடக்கூடும். வாழ்த்துகளைக் கேட்டுச் சலித்த ஆளும் ஒலியை அணைத்துவிடுவார். ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு அறிவிப்புச் சேனலையும், அதாவது ஒரு செயலியின் ஒவ்வொரு வகை அறிவிப்பையும், தனித்தனியாக அடக்கலாம். ஆண்ட்ராய்டு 13 முதல் புதிதாக நிறுவும் செயலி அனுமதி கேட்டுத்தான் அறிவிப்பே காட்ட முடியும். ஐஃபோனில், ஐஓஎஸ் 12இல் வந்த கிரிட்டிக்கல் அலர்ட் அமைதி நிலையையும் மீறி ஒலிக்கும். அதற்கு ஆப்பிளின் ஒப்புதலும் பயனரின் சம்மதமும் வேண்டும். இதற்கெல்லாம் மேலே, கைபேசித் தயாரிப்பாளர்கள் சேர்த்திருக்கும் பேட்டரி சேமிப்பு ஏற்பாடுகள் செயலியைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுகின்றன.

ஆகவே சோதனையை ஒழுங்காகச் செய்யுங்கள். கையில் பிடித்துக்கொண்டு, திரை எரியும்போது "வந்துவிட்டது" என்று சொல்வதைச் சோதனை என்று யாரும் எழுதவேண்டாம். சார்ஜரைக் கழற்றி, திரையை அணைத்து, வைஃபையை நிறுத்தி, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு அனுப்பிப் பாருங்கள். இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டால் மறுபடியும். புதுக் கைபேசி வந்தால் மறுபடியும்.

வாட்ஸ்அப் குழுவில் ஆள் கூப்பிடுவதை நிறுத்துங்கள். ஒருவர் அந்தக் குழுவை மியூட் செய்திருப்பது டிஸ்பேட்சருக்குத் தெரியவே தெரியாது. பொதுமக்களை எச்சரிக்கும் செல் பிராட்காஸ்டும் இதற்கு ஆகாது. அது வட்டாரத்தில் இருக்கும் எல்லோருக்கும் போகும், பதில் ஒன்றும் திரும்பாது.

மாற்று வழியாக எஸ்எம்எஸ் வைத்திருந்தால் அளவைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்து. தமிழில் 70 தான். அதுவும் நாம் எண்ணுகிற 70 அல்ல: "கொ" இரண்டாக எண்ணப்படும், "ஸ்ரீ" நான்காக. ஆங்கிலச் செய்தியில் ஓர் எமோஜி சேர்த்தாலும் வரம்பு 70க்கு இறங்கிவிடும். அதைத் தாண்டினால் 67 எழுத்துத் துண்டுகளாக உடையும், துண்டுகள் சேர்ந்து வரும் என்ற உத்தரவாதம் இல்லை. இடமும் சம்பவமும் முதல் வரியிலேயே வரட்டும். வணக்கமும் துறைப் பெயரும் அங்கே வேண்டாம்.

களத்தில் இருப்பவர் அழுத்தும் எமர்ஜென்சி பட்டனைப் பற்றியும் சொல்லவேண்டும். அவசரக் குழுக்களுக்கான அழுத்திப் பேசும் சேவையான எம்சிபிடிடியில் அவசர எச்சரிக்கை வேறு, அவசரக் குழு அழைப்பு வேறு. ஒன்றை ரத்து செய்தால் மற்றது தானாக ரத்தாகாது. எச்சரிக்கையோடு வரும் இருப்பிடத்தின் நேரத்தைப் பாருங்கள். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் கிடைக்காததால், அது வாசலில் கடைசியாகப் பதிவான இடமாக இருக்கலாம். பட்டன் எந்தக் குழுவுக்குப் போகிறது, அந்தக் குழுவில் இப்போது யார் இணைந்திருக்கிறார்கள் என்பதை ஷிஃப்ட் தொடங்கும்போதே உறுதிசெய்யுங்கள். இணைந்திராதவருக்கு அது கேட்காது. தவறுதலாக அழுத்திவிட்டால் தயவுசெய்து கைபேசியை அணைக்காதீர்கள். ரத்து செய்துவிட்டு, வாயால் சொல்லுங்கள். எச்சரிக்கை எழுந்து உடனே கைபேசியும் மௌனமானால், ஆபத்தில் சிக்கிய ஒருவரின் அறிகுறியும் அதேதான். உங்களைத் தேடி ஆட்கள் உள்ளே இறங்குவார்கள்.

பேஜரை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். விநாடிக்கு 512 அல்லது 1200 பிட் வேகத்தில் ஊர்ந்தாலும், கைபேசி சிக்னல் தொடாத நிலத்தடித் தளத்துக்கும் அது எட்டக்கூடும். பதில் சொல்லத் தெரியாதது அதன் குறை; அதற்குச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்பேட்ச் திரையில் ஒரு கடிகாரமும் வேண்டும்: 60 விநாடியில் பதில் இல்லையென்றால் இரண்டாவது வழியில் அழைப்பு, 120 விநாடியில் அடுத்த குழு. உங்கள் தூரங்களுக்கு ஏற்ப எண்ணை மாற்றலாம், ஆனால் எண் இல்லாமல் விடாதீர்கள்.

குழுவில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரமுடியாதபோது பேசாமல் இருந்துவிடாதீர்கள், "முடியாது" என்பதை அழுத்துங்கள். அதற்காக யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த நொடியே அடுத்தவரைக் கூப்பிட முடியும்.