சாலினாய்டு: வரிச்சுருளா, இழுப்பானா?

வாளையார் சாலையோரத்து லாரி எலக்ட்ரீஷியனிடம் சாலினாய்டு என்றால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சின்ன உருளை. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்பில் அதே சொல், சொட்டுநீர் வால்வின் தலையில் இருக்கும் 24 வோல்ட் காயிலைக் குறிக்கும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் அது நீளமாகச் சுற்றிய வெறும் கம்பிச்சுருள். உள்ளே இரும்பும் கிடையாது, அசையும் பாகமும் கிடையாது. மூன்று வழக்கும் சரிதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டால், படம் வரைபவருக்கும் காயில் கட்டுபவருக்கும் நடுவே குழப்பம்தான் மிஞ்சும்.

சொல்லின் வேர் கிரேக்கம். சோலேன் என்றால் குழாய், நீர் ஓடும் கால்வாய். பின்னால் வரும் ஓய்டு, ‘வடிவில் ஒத்தது’ என்று பொருள் தரும். ஆக, குழல் போன்றது. கம்பியில் மின்சாரம் ஓடினால் அருகிலுள்ள காந்த ஊசி திரும்புகிறது என்று 1820ல் டென்மார்க் இயற்பியலாளர் எர்ஸ்டெட் காட்டினார். அதைத் தொடர்ந்து, வளையம் வளையமாக ஓடும் மின்னோட்டம் சட்டக்காந்தம் போலவே நடந்துகொள்ளும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் ஆம்பியர் விளக்கினார். இந்தப் பெயரும் அவர் இட்டதுதான். அவர் சொன்னதில் இரும்பு இல்லை. 1825ல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன், வார்னிஷ் பூசிய லாட இரும்பின் மேல் 18 சுற்று வெறுங்கம்பி சுற்றினார். 200 கிராம் எடையுள்ள அந்த இரும்பு சுமார் 4 கிலோவைத் தூக்கியது. இன்று கடையில் சாலினாய்டு என்று விற்கும் பொருள் ஆம்பியரின் பெயரையும் ஸ்டர்ஜனின் இரும்பையும் சேர்த்துக்கொண்டது.

தமிழில் நிலைபெற்ற சொல் வரிச்சுருள். பாடநூலில் இருப்பது இதுதான், நல்ல சொல்லும்கூட. வரிதல் என்றால் இறுக்கிக் கட்டுதல். ‘வரிந்து கட்டிக்கொண்டு’ என்பதில் இருக்கும் அதே வினை. வரி என்பதற்கு வரிசை, கோடு என்ற பொருளும் உண்டு. வரி வரியாக, நெருக்கமாக, இறுகச் சுற்றிய சுருள். நல்ல காயில் எப்படி இருக்க வேண்டுமோ அதையே சொல் சொல்லிவிடுகிறது. கோணல்மாணலாகச் சுற்றியது பெயரளவில்கூட வரிச்சுருள் ஆகாது.

சிக்கல் எங்கே என்றால், வரிச்சுருள் என்பது சுருளுக்கு மட்டும்தான் பொருந்தும். சுருள், இரும்புக் கூடு, உள்ளே போய்வரும் இரும்புத் தண்டான பிளஞ்சர், திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த கருவிக்கு வேறு சொல் வேண்டும். அதற்கு இழுப்பான் என்பது பொருத்தம். காரணம் இயற்பியலிலேயே இருக்கிறது: இந்தக் கருவியால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. பேட்டரி முனைகளை மாற்றிக் கொடுத்தாலும் இழுக்கும். விசை காந்தப்புலத்தின் இருமடியைப் பொறுத்தது. எதிர்க்குறி இருமடியில் மறைந்துபோகும். ‘தள்ளும் சாலினாய்டு’ என்று விற்பதிலும் பிளஞ்சர் உள்ளேதான் இழுபடுகிறது. அதன் பின்னால் இருக்கும் குச்சிதான் மறுபக்கம் வெளியே வந்து தள்ளுகிறது.

எவ்வளவு இழுக்கும்? இரும்பு முகங்களுக்கு நடுவே உள்ள காற்றிடைவெளியில் 1 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) புலம் இருந்தால் ஒவ்வொரு சதுர செ.மீ. முகத்துக்கும் ஏறக்குறைய 4 கிலோ விசை. அரை டெஸ்லாவில் அது 1 கிலோதான். 1 மி.மீ. காற்றிடைவெளியில் அரை டெஸ்லா வேண்டுமானால் சுமார் 400 ஆம்பியர்-சுற்று (மின்னோட்டத்தைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கியது) தேவை. ஒரு கணக்கைக் கடைசிவரை கொண்டுபோவோம். லாட வடிவ உள்ளகம் (காயிலுக்குள் இருக்கும் இரும்பு), இரண்டு முகமும் தலா 2 சதுர செ.மீ., ஒவ்வொரு முகத்துக்கும் எதிரே இழுபடும் இரும்புத் தகட்டுக்கும் இடையே 0.5 மி.மீ. இடைவெளி. 26 கேஜ் (SWG) எனாமல் ஒயரில் 600 சுற்று. ஒரு சுற்றின் சராசரி நீளம் 10 செ.மீ. என்றால் 60 மீட்டர் கம்பி, மின்தடை சுமார் 6.3 ஓம். 0.66 ஆம்பியரில் சுமார் 4 கிலோ இழுவை. இடைவெளி இரட்டித்தால் 1 கிலோவாகச் சரியும்; பாதியானால் 16 கிலோவை நெருங்கும். இரும்பு நிறைவடையும் எல்லைக்குள்தான் இந்தக் கணக்கு. சாதா மைல்டு ஸ்டீலில் 1.5 டெஸ்லாவைத் தாண்டினால் கூட்டும் மின்னோட்டத்துக்கு ஏற்ற விசை வராது.

இனி, அசையும் ஒரே பாகத்தின் மேல் இரண்டு விசைகளைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காயில் போட்டால் போதும் என்பதுதான் முதலில் தோன்றும். போதாது. ஸ்டார்ட்டர் சாலினாய்டைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஏற்கெனவே இரண்டு காயில் இருக்கும்: இழுக்கும் காயில் தடித்த கம்பி, பிடித்துவைக்கும் காயில் மெல்லிய கம்பி. இரண்டும் ஒரே பிளஞ்சர் மேல், ஒரே காந்தப் பாதையில் (காந்தப்புலம் சுற்றிவரும் இரும்பு வழி). சாவியைத் திருப்பும்போது இரண்டும் கூடும். தொடுமுனை ஒட்டியதும் இழுக்கும் காயிலின் இரண்டு முனையும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்து அது ஓய்ந்துவிடும். பிடிக்கும் காயில் மட்டும் வேலை செய்யும். சாவியை விட்டதும் மின்சாரம் இரண்டிலும் தொடராக, எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழித்துவிடும். அழிய வேண்டுமானால் இரண்டின் சுற்று எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். காயில் மாற்றிக் கட்டும்போது எண்ணிக்கை தவறினால் இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகும் ஸ்டார்ட்டர் விடாது. பிடிக்கும் காயில் அறுந்திருந்தால் ‘டக் டக் டக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும்; பேட்டரி இறங்கியிருந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால் முதலில் வோல்ட் பார்ப்பது நல்லது. காயில் இரண்டு, ஆனால் பாதை ஒன்று. அதனால் விசையும் ஒன்றுதான். தனித்தனி விசை வேண்டுமென்றால் தனித்தனி காந்தப் பாதை வேண்டும்.

பாதையைப் பாதியாகப் பிரித்துவிட்டு, கொஞ்சம் கசிவதால் என்ன ஆகிவிடும் என்று விடுவது வழக்கமான பிழை. ஒரு காயிலின் இடைவெளியில் 0.5 டெஸ்லா இருக்கிறது. பக்கத்துக் காயிலிலிருந்து 0.1 கசிந்து வருகிறது. விசைகளைத் தனித்தனியாகக் கூட்டினால் 0.25உடன் 0.01, கண்டுகொள்ள வேண்டாம் என்று தோன்றும். ஆனால் முதலில் கூடுவது புலம்; இருமடி அதற்குப் பிறகுதான். 0.6இன் இருமடி 0.36, அதாவது விசை 44 சதவீதம் கூடுதல். கசிவு எதிர்த்திசையில் வந்தால் 0.4இன் இருமடி 0.16, 36 சதவீதம் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கசிவு செய்யும் வேலை இது.

இதைக் கண்டுபிடிக்க டெஸ்லா மீட்டர் தேவையில்லை. இரண்டு காயிலிலும் மின்னோட்டத்தை நிலையாக வைத்து, தகட்டை இழுக்கும் விசையைத் தராசில் அளக்க வேண்டும். பிறகு ஒரு காயிலின் இரண்டு முனைகளை மட்டும் மாற்றிக் கொடுத்து, அதே இடைவெளியில் மறுபடி அளக்க வேண்டும். விசை மாறாவிட்டால் இரண்டும் தனித்தனி. மாறினால் எங்கோ பாதை கலந்திருக்கிறது.

பெரும்பாலும் கலக்கும் இடம் அசையும் பாகம்தான். இரண்டு உள்ளகங்களையும் கவனமாகப் பிரித்துவிட்டு, எதிரே ஒரே இரும்புத் தகட்டைப் போட்டுவிடுவார்கள். காந்தப்பாயம் (பாதையில் செல்லும் மொத்தக் காந்தப்புலம்) அதன் வழியே தாண்டிப்போகும். தகட்டை இரண்டாக வெட்டி, நடுவில் பித்தளையோ அலுமினியமோ வைத்துச் சேர்ப்பதுதான் வழி. வேலை செய்யும் இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் நடுத்துண்டு 5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். உள்ளகங்களைத் தாங்கும் பிளேட்டும் அப்படியே: மைல்டு ஸ்டீல் பிளேட்டில் இரண்டையும் போல்ட் போட்டு முடுக்கினால் பிரித்த பலன் போய்விடும். 304 எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாது என்று நம்பி வளைத்துத் தட்டிப் போடுகிறார்கள். குளிர்நிலையில் வளைத்த இடத்தில் அது கொஞ்சம் காந்தமாகிவிடும். இடமில்லாமல் ஒரே இரும்பு வளையத்தில் எல்லா முனைகளும் இருந்தே தீர வேண்டும் என்றால், காந்தத் தாங்கிகளில் செய்வதுபோல் அடுத்தடுத்த காந்தங்களின் பக்கத்து முனைகள் ஒரே துருவமாக வரும்படி இணைப்பு கொடுக்கலாம். வடக்குக்குப் பக்கத்தில் வடக்கு இருந்தால் பாயம் அந்தப் பக்கம் தாவ வாய்ப்பு குறையும். முழுத் தீர்வு அல்ல, நல்ல சமாளிப்பு.

இழுப்பான் இழுக்கத்தான் செய்யும் என்பதால் இருதிசை விசைக்கு எதிரெதிரே இரண்டு வேண்டும். இங்கே ஒன்றை அணைத்து மற்றதைப் போடுவது மோசமான முறை. இருமடித் தொடர்பால் சிறிய மின்னோட்டத்தில் விசை ஏறக்குறைய இல்லவே இல்லை. மேலே சொன்ன உள்ளகத்தில் 0.1 ஆம்பியர் கொடுத்தால் 100 கிராம்கூட வராது. அதற்குப் பதில் இரண்டிலும் 0.4 ஆம்பியர் அடிமின்னோட்டமாக எப்போதும் ஓடட்டும். ஒன்றில் 0.1 கூட்டி மற்றதில் 0.1 குறைத்தால் நிகர விசை சுமார் 1.5 கிலோ; 0.2 என்றால் 3 கிலோ. நேர்விகிதம். காயிலுக்கு 1 வாட் வெப்பம் அதற்கு விலை. கம்பியில் சதுர மி.மீ.க்கு 3.7 ஆம்பியரைத் தாண்டாததால் தொடர்ந்து ஓடலாம்.

இன்னொரு விலையும் உண்டு. தகடு நடுவிலிருந்து 0.1 மி.மீ. நகர்ந்தால் போதும், சம மின்னோட்டத்திலேயே கிட்டத்தட்ட 1.3 கிலோ விசை அதே பக்கம் இழுக்கும். அதாவது எதிர்மறை ஸ்பிரிங். அதைவிட விறைப்பான நிஜ ஸ்பிரிங் வேண்டும், அல்லது நிலை உணரி வைத்து நொடிக்குப் பல நூறு தடவை திருத்த வேண்டும்.

திருத்தும் வேகத்தைக் காயிலின் தூண்டம் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பு) கட்டுப்படுத்தும். நம் காயிலுக்கு அது சுமார் 90 மில்லிஹென்றி. வேலைக்கு 4 வோல்ட் போதும் என்றாலும் 12 வோல்ட் சப்ளை வைப்பது இதனால்தான்: 0.4இலிருந்து 0.6க்கு 2 மில்லி விநாடியில் ஏறிவிடும். இறங்கும்போதுதான் வம்பு. காயிலுக்குக் குறுக்கே ஒரே ஒரு டயோடு போட்டிருந்தால் 0.4இலிருந்து 0.2க்கு இறங்க 7 மில்லி விநாடி வரை பிடிக்கும். ஒரு பக்கம் ஏறிவிடும், மறுபக்கம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், தகடு நடுங்கும். இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு டயோடு கொண்ட அரைப்பாலம் போட்டால் காயிலின் சக்தி சப்ளைக்கே திரும்பி, இறக்கமும் ஏற்றத்தைப்போல் வேகமாகும். திட இரும்புக்குப் பதில் 0.5 மி.மீ. சிலிக்கான் ஸ்டீல் ஸ்டாம்பிங் அடுக்கினால்தான் இந்த வேகம் பாயத்திலும் தெரியும். திட இரும்பில் சுழல்மின்னோட்டம் அதைத் தாமதப்படுத்தும்.

ஓட்டுவது வோல்ட்டால் அல்ல, அளந்த மின்னோட்டத்தால் இருக்க வேண்டும். காயில் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் செம்பின் தடை 27 சதவீதம் கூடும். அதே வோல்ட்டில் மின்னோட்டம் 78 சதவீதமாகவும் விசை 61 சதவீதமாகவும் இறங்கும். காலையில் சரியாக ஓடி மத்தியானம் தடுமாறும் கருவிகளில் முதலில் பார்க்க வேண்டியது இது.

தகடு முகத்தில் முட்டும் அமைப்பாக இருந்தால் 0.1 மி.மீ. பித்தளை ஷிம் (மெல்லிய இடைத்தகடு) ஒன்று ஒட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் நின்ற பிறகும் மிச்சக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தோப்பு வால்வின் காயில் வேறு ரகம், அது ஏசி. அங்கே பிளஞ்சர் மண்ணில் சிக்கிப் பாதியில் நின்றால் தூண்டம் குறைந்து, மின்னோட்டம் வெகுவாகக் கூடி, ‘காயில் போச்சுங்க’ என்று வந்து நிற்கும். புதுக் காயில் போடுவதற்கு முன் பிளஞ்சர் விரலால் தள்ளினால் வழுக்கிப் போகிறதா என்று பார்க்காவிட்டால் அதுவும் எரியும். அந்தப் பழுதை எழுதும்போது ‘வரிச்சுருள் எரிந்தது’ என்றும், காரணத்தில் ‘இழுப்பான் சிக்கியது’ என்றும் எழுதலாம்.