கேம் பிளான்: வியூகமா, ஆட்டத்திட்டமா?

விளையாட்டுச் செய்தியில் 'கேம் பிளான்' என்ற சொல் வந்துவிட்டால், தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் 'வியூகம்' என்று எழுதிவிடுகிறோம். கிரிக்கெட்டைப் பற்றிய செய்தியில் அது பெரிதாக உறுத்துவதில்லை. இச்சொல் முறையான தொழிற்சொல்லாகவே புழங்கும், பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்துக்கு வரும்போதுதான் இடிக்கிறது. அங்கே ஒரு பயிற்சியாளர் ஆண்டுக்கணக்கில் கடைப்பிடிக்கும் ஆட்டமுறை வேறு. ஒரு குறிப்பிட்ட எதிரணிக்காக ஒரு வாரம் உட்கார்ந்து வகுக்கும் கேம் பிளான் வேறு. பந்து நகர்வதற்கு முன் பதினொரு பேரும் நிற்கும் வரிசை வேறு. இம்மூன்றையும் 'வியூகம்' என்றே எழுதினால் எதைச் சொல்கிறோம் என்பது வாசகருக்கு விளங்காது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். 'கேம்' என்பது பழைய ஆங்கிலத்தில் களிப்பையும் கேளிக்கையையும் குறித்த 'கமென்' என்ற சொல்லின் வழிவந்தது. 'பிளான்' தட்டையானது என்று பொருள்படும் 'பிளானுஸ்' என்ற இலத்தீன் சொல்லில் வேர்கொண்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. சமதளத்தில் வரையப்பட்ட கட்டடத்தின் தரைப்படம் என்பதே அதன் முதற்பொருள். வீடு கட்டும் நம்மவர்கள் 'பிளான் அப்ரூவல் ஆகிவிட்டதா' என்று கேட்கும்போது, அறியாமலே அந்தப் பழைய பொருளைத்தான் கையாளுகிறார்கள். அமெரிக்கப் பயிற்சியாளர்களும் அதிலிருந்து அதிகம் விலகிவிடவில்லை. கரும்பலகையில் வட்டங்களையும் பெருக்கல் குறிகளையும் இட்டு, யார் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று கோடிழுத்துக் காட்டும் அவர்களுடைய திட்டம் இன்றும் ஒரு தரைப்படம்தான்.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்எஃப்எல்லில் கேம் பிளான் என்பது ஒரே எதிரணிக்காக, ஒரே ஆட்டத்துக்காக உருவாகி, அந்த ஆட்டத்தோடு முடிந்துபோவது. பெரும்பாலான அணிகளில் அது உருவாகும் வாரத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஞாயிறு ஆட்டம் முடிந்தபின் திங்களன்று அதன் படப்பதிவைப் பார்த்துக் குறைகளைப் பேசுவார்கள். வீரர்களுக்கு ஓய்வுநாளான செவ்வாயன்று பயிற்சியாளர்கள் நள்ளிரவு வரை அலுவலகத்தில் இருந்து அடுத்த எதிரணியின் பழைய ஆட்டங்களை ஒவ்வொரு நகர்வாக ஓட்டிப் பார்ப்பார்கள். பத்து கஜம் முன்னேற நான்கு முயற்சிகள் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை விதியாதலால், எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கஜம் பாக்கி என்ற இரண்டையும் வைத்தே எல்லாக் கணக்கும் நடக்கிறது. முதல் இரு முயற்சிகளுக்கான நகர்வுகளைப் புதனன்றும், மூன்றாவது முயற்சிக்கு உரியவற்றை வியாழனன்றும், எல்லைக்கோட்டை நெருங்கிய கடைசி இருபது கஜத்துக்கு உரியவற்றை வெள்ளியன்றும் பழகுவது பரவலான வழக்கம். இத்தனையும் சுருங்கி, பளபளப்பான உறையிட்ட ஒற்றை அட்டையாகப் பயிற்சியாளர் கைக்கு வந்து சேர்கிறது. ஆட்டத்தின் நடுவே அவர் வாயை மறைத்துக்கொண்டு பேசுவதும் அதே அட்டையால்தான். உதட்டசைவை எதிரணி படித்துவிடும் என்ற அச்சம் அப்படிப்பட்டது.

ஒரு சான்று இச்சொல்லின் பொருளை அகராதியைவிடத் தெளிவாகக் காட்டும். 1991 ஜனவரியில் நடந்த, என்எஃப்எல்லின் இறுதியாட்டமான இருபத்தைந்தாவது சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் பஃபலோ பில்ஸ் அணியும் மோதின. பஃபலோவின் பலம், கூடிப் பேசக்கூட நிற்காமல் அடுத்தடுத்துப் பந்தை வீசும் வேகம். ஜயன்ட்ஸின் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்த பில் பெலிசிக், வழக்கத்துக்கு மாறாக முன்வரிசையில் ஆட்களைக் குறைத்து, பந்து வீசப்படும் பின்பகுதியில் ஆட்களைக் கூட்டினார். பஃபலோவுக்காகப் பந்தை ஏந்தி ஓடும் ஓட்டக்காரர் தர்மன் தாமஸ் நூறு கஜத்துக்கு மேல் ஓடினால்தான் நாம் வெல்வோம் என்று தம் வீரர்களிடம் அவர் சொன்னபோது, ஓட்டத்தைத் தடுப்பதையே பெருமையாகக் கருதிய அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தாமஸ் 135 கஜம் ஓடினார். ஜயன்ட்ஸ் 20-19 என வென்றது. அந்தத் திட்டத்தின் தாள்கள் ஒஹாயோ மாநிலம் கான்டனில் உள்ள அமெரிக்கக் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் வைக்கப்பட்டன. எதை விட்டுக்கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்வது கேம் பிளானின் ஒரு பகுதி; 'வியூகம்' என்ற சொல்லுக்குள் இந்தப் பொருள் அடங்காது.

வியூகம் என்பது பகுத்து நிறுத்துதல் என்ற கருத்துடைய வடசொல். பாரதப் போரில் துரோணர் வகுத்த சக்கரவியூகம் படை நின்ற வடிவத்தின் பெயர். அபிமன்யுவைச் சிக்கவைக்கும் யோசனையின் பெயரன்று. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகரும் படைவகுப்பு என்பதற்கே வியூகம் என்று பொருள் தருகிறார். ஆகவே அமெரிக்கக் கால்பந்தில் 'ஃபார்மேஷன்' எனப்படும் நிற்கும் வரிசைக்குத்தான் வியூகம் அச்சாகப் பொருந்தும். தனித்தமிழ் வேண்டுவோர் அணிவகுப்பு எனலாம்.

கேம் பிளானுக்கு மிக நெருங்கிய பழந்தமிழ்ச் சொல் உண்மையில் 'சூழ்ச்சி'. சூழ்தல் என்றால் பலபடியாக ஆராய்தல். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று தொடங்கும் குறளில், ஆராய்ச்சியின் எல்லை ஒரு முடிவுக்கு வருவது என்றும், அந்த முடிவு காலதாமதத்தில் தங்குவது தீது என்றும் வள்ளுவர் சொல்கிறார். நாற்பது நொடிக்குள் அடுத்த நகர்வைத் தொடங்க வேண்டிய இந்த ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஆனால் இன்று 'பயிற்சியாளரின் சூழ்ச்சி' என்று எழுதினால் அவர் ஏதோ மோசடி செய்துவிட்டார் என்றே படிப்பவர் கொள்வார். நல்ல சொல்லொன்றை இழந்துவிட்டோம். மீட்கலாம் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

எஞ்சுவது 'திட்டம்'. ஐந்தாண்டுத் திட்டம், நலத்திட்டம் என்று அரசு அலுவலகத்து வாடை ஏறிப்போன சொல்லாக அது தோன்றலாம். ஆனால் பேச்சில் அதற்குப் பழைய உயிர் இன்னும் இருக்கிறது. 'திட்டமாகச் சொல்ல முடியாது' என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. குழம்பில் உப்பு திட்டமாக இருக்கிறது என்றால் கூடாமல் குறையாமல் அளவாக இருக்கிறது. உறுதி, சரியான அளவு என்னும் இவ்விரண்டும் கேம் பிளானுக்கு அப்படியே பொருந்துகின்றன. சான்பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ், ஆட்டத்தின் முதல் இருபத்தைந்து நகர்வுகளை முன்னதாகவே வரிசைப்படுத்தி எழுதிவைப்பார். அரங்கத்தின் கூச்சலில் எடுக்கும் முடிவைவிட அமைதியான அறையில் எடுத்த முடிவு தெளிவாக இருக்கும் என்பதும், தம் ஒவ்வொரு வியூகத்துக்கும் எதிரணி எப்படி இடம் மாறுகிறது என்று தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அவர் சொன்ன காரணங்கள். தேவைப்பட்டால் அந்த வரிசையை மீறவும் அவர் தயங்கவில்லை.

எனவே என் பரிந்துரை 'ஆட்டத்திட்டம்'. அதையொட்டி, பருவந்தோறும் மாறாத பயிற்சியாளர் பாணிக்கு 'ஆட்டமுறை', ஒரு முயற்சியில் நிகழும் தனிச்செயலுக்கு 'நகர்வு' என்று வைத்துக்கொள்ளலாம். களத்துக்கு வெளியே இச்சொல் புழங்கும்போது முன்னொட்டு தேவையில்லை. அமெரிக்க அதிபர் நிக்சன் ஆட்சியில் பொருளாதாரக் கொள்கையையே கேம் பிளான் என்று அழைத்தார்கள், அங்கெல்லாம் வெறுமனே 'திட்டம்' போதும். 'பெலிசிக்கின் வியூகம் பஃபலோவை வீழ்த்தியது' என்பதை 'பெலிசிக்கின் ஆட்டத்திட்டம் பஃபலோவை வீழ்த்தியது. பின்பகுதியில் ஆள்கூட்டிய வியூகம் அதில் ஒரு பகுதி' என்று எழுதிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இதை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுவது நல்லது. 'ஆட்டத் திட்டம்' என்று பிரித்து அச்சிட்டால், வரி உடையுமிடத்தில் 'ஆட்டத்' ஒரு வரியிலும் 'திட்டம்' அடுத்த வரியிலும் போய் நின்றுவிடுகின்றன.