எஷலான்: பக்கக்காற்று வகுக்கும் சாய்வரிசை

சைக்கிள் சாலைப் பந்தயங்களின் ஆங்கில வருணனையைக் கேட்பவர்கள், பந்தயம் கடற்கரைச் சமவெளியில் நடந்து காற்றும் பலமாக அடிக்கும் நாளில், 'எஷலான்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்கள். சாலைக்குக் குறுக்காக வீசும் காற்றிலிருந்து மறைவு தேடும் வீரர்கள், முன்னே செல்பவரின் நேர் பின்னால் வராமல் சற்றே பக்கவாட்டில் தள்ளி வர, அவருக்கு அடுத்தவர் இன்னும் சற்றுத் தள்ளி வர, சாலையின் ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பில் முடியும்படி சாய்வாக அமையும் வரிசைக்கு அது பெயர். தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுத்துப்பெயர்த்து விடுகிறார்கள், அல்லது 'ஒரு வகை அணிவகுப்பு' என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இரண்டிலும் காற்றுக்கும் அந்த வரிசைக்கும் உள்ள உறவு விளங்குவதில்லை.

சொல்லின் வேர் ஏணியில் இருக்கிறது. ஏணியைக் குறிக்கும் 'ஸ்காலா' என்ற இலத்தீன் சொல் பிரெஞ்சில் 'எஷெல்' ஆயிற்று. ஏணியின் ஒரு படியை 'எஷ்லோன்' என்றார்கள். படைப்பிரிவுகளை ஒரே கோட்டில் நிறுத்தாமல் ஒன்றைவிட ஒன்று சற்றுப் பின்வாங்கியதாக, படிக்கட்டைப் பக்கத்திலிருந்து பார்ப்பது போல நிறுத்தும் முறைக்குப் பிரெஞ்சுப் படைத்துறையினர் அச்சொல்லைக் கையாண்டனர். 1757இல் லாய்தன் போர்க்களத்தில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் காலாட்படை இவ்வாறு படிப்படியாக முன்னேறித் தாக்கியது படை வரலாற்றில் பெயர்பெற்ற நிகழ்ச்சி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொல் ஆங்கிலத்துக்குப் போய், பிறகு அதிகார அடுக்குகளையும் குறிக்கத் தொடங்கியது. நாம் 'மேல்மட்டம்' என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் இச்சொல்லைப் பன்மையில் ஆள்கிறார்கள். சைக்கிள் பந்தயத்துக்கு வந்து சேர்ந்தது படைத்துறைப் பொருள்தான்.

வேடிக்கை என்னவென்றால், சொல்லைக் கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள் பந்தய வருணனையில் அதைத் தேடிப் போவதில்லை. அந்த அமைப்பை அவர்கள் 'எவான்தாய்', அதாவது விசிறி என்பார்கள். அதைக் கொண்டு எதிராளிகளைச் சிதறடிக்கும் செயலை 'பொர்தியூர்' என்பார்கள், விளிம்பு என்று பொருள். டச்சுக்காரர்களுக்கு அது 'வாயர்', ஸ்பானியருக்கு 'அபனிகோ', இத்தாலியருக்கு 'வென்தாலியோ'. மூன்றும் விசிறியே. வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்: சாலை நெடுகிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வரிசைகள் விரிந்து கிடக்கும். இச்சொற்களுக்குள் காற்றும் இருக்கிறது. 'வாயர்' வீசுதலைக் குறிக்கும் டச்சு வினையிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களில் காற்றைக் குறிக்கும் 'வான்', 'வென்தோ' ஆகியவை ஒளிந்திருக்கின்றன. ஜெர்மானியர் இன்னும் நேரடியாக 'விண்ட்கான்டெ', காற்று விளிம்பு என்கிறார்கள். ஆங்கிலச் சொல்லில் மட்டும் காற்றும் இல்லை, சாலையின் விளிம்பும் இல்லை, வடிவம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. தமிழ்ச் சொல்லைத் தேடும்போது ஆங்கிலத்தை மட்டும் பார்த்துப் பெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

அந்த வரிசை ஏன் சாய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லைத் தீர்மானிக்க முடியாது. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் செல்லும் வீரரின் உழைப்பில் மிகப் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. காற்றில்லாத நாளில் முன்னவரின் பின்சக்கரத்தை ஒட்டி நேர் பின்னால் வந்தால் மறைவு கிடைக்கும். பெருங்கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு அம்மறைவு எவ்வளவு என்பதை 2018இல் பெர்ட் பிளாக்கன் என்ற ஐந்தோவன் பல்கலைக்கழகப் பேராசிரியரின் குழு 121 வீரர்களைக் கொண்ட மாதிரியை வைத்து ஆராய்ந்தது. அங்கே காற்றின் தடை, அதே வேகத்தில் தனியே செல்பவர் சந்திப்பதில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே என்று கண்டார்கள். இதே வீரர் மீது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று இடப்பக்கத்திலிருந்து செங்குத்தாக வீசுவதாக வைத்துக்கொள்வோம். தம் வேகத்தால் எழும் எதிர்காற்றும் இந்தப் பக்கக்காற்றும் சேர்ந்து, ஏறத்தாழ 58 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கத்திலிருந்து 39 பாகை இடப்புறம் சாய்ந்த காற்றாக அவர் மீது படும். ஆகவே அவருடைய காற்று மறைவு நேர் பின்னால் விழாமல் வலப்புறப் பின்பக்கத்தில் விழுகிறது. அடுத்தவர் அங்கேதான் வந்தாக வேண்டும்.

அவ்வாறு வருபவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, சில சமயம் அவருடைய மிதிகட்டை வரைக்கும் முன்னேறி நிற்கும். முன்னவர் ஒரு சாண் விலகினால் சக்கரங்கள் உரசும். உரசினால் விழுபவர் பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். முன்னே நின்று காற்றை வாங்கியவர் சிறிது நேரத்தில் காற்று வரும் பக்கமாக ஒதுங்கிப் பின்னேற, அடுத்தவர் முன்னுக்கு வருகிறார். இந்தச் சுழற்சி நிற்காமல் நடக்கும் வரை அக்குழுவின் வேகம் குறைவதில்லை.

சிக்கல் சாலையின் அகலத்தில் இருக்கிறது. ஒருவருக்கொருவர் அரை மீட்டருக்குச் சற்றே கூடுதலாகப் பக்கவாட்டில் தள்ளி வந்தால், 6 மீட்டர் அகலச் சாலையில் ஏறக்குறைய பத்துப் பேருக்குத்தான் வரிசையில் இடம் உண்டு. பதினொன்றாவது ஆளுக்கு மறைவு விழும் இடம் சாலைக்கு வெளியே, புல்லிலோ வாய்க்காலிலோ இருக்கும். அவரும் அவருக்குப் பின்னால் வருபவர்களும் விளிம்பை ஒட்டி ஒற்றை வரிசையில், ஆளாளுக்கு முழுக் காற்றையும் தனியே வாங்கிக்கொண்டு, முன்னவரின் சக்கரத்தை விடாமல் பிடிக்கப் போராடுகிறார்கள். நடுவில் ஒருவர் தளர்ந்து இரண்டு மீட்டர் பின்தங்கினாலும் அவருக்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து அறுபட்டுப் போகிறார்கள். வலிமை வாய்ந்த அணி இதை வேண்டுமென்றே செய்யும்: சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்தாமல், காற்று வரும் பக்கத்து விளிம்பை விட்டுவிட்டு நடுச்சாலையிலேயே வரிசையைத் தொடங்கினால், தம் ஆட்கள் ஆறேழு பேருக்கு மட்டும் இடம் கிடைக்கும், மற்றவர்கள் அனைவரும் விளிம்புக்குத் தள்ளப்படுவார்கள். அனுபவமுள்ள வீரர்கள் இந்நிலையில் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குவதில்லை. முதல் வரிசையில் இடமில்லை என்று கண்டதும் இரண்டாவது வரிசையைத் தாங்களே தொடங்குகிறார்கள். இளம் வீரர்கள் பலருக்கு இந்த முடிவை எடுக்கவே ஆண்டுகள் பிடிக்கின்றன.

இத்தனைக்கும் ஏற்ற நிலம் கடற்கரைச் சமவெளி. கடலின் மேல் தடையின்றி வரும் காற்றை நிறுத்தக் குன்றும் இல்லை, காடும் இல்லை. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் கடலையும் சதுப்பையும் வடித்து எடுத்த வயல்களின் நடுவே சாலைகள் கோடு போட்டது போல நேராகவும் குறுகலாகவும் ஓடுகின்றன. பெல்ஜியக் கடற்கரையை ஒட்டிய டெ மூரன் பகுதி, 17ஆம் நூற்றாண்டில் வென்செஸ்லாஸ் கோபர்கெரின் முயற்சியால் நீர் வடிக்கப்பட்ட, கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலம். கெண்ட்–வெவெல்ஜெம் பந்தயம் அதன் வழியே சென்ற 2015ஆம் ஆண்டில் காற்று புயலை நெருங்கியது. கெரெயின்ட் தாமஸ் சைக்கிளோடு சேர்த்துச் சாலையிலிருந்து தூக்கி எறியப்பட்டுப் புல்லில் விழுந்தார். எழுந்து வந்து மூன்றாவதாக முடித்தார். லூக்கா பாவோலினி வென்றார். தொடங்கிய ஏறத்தாழ 200 பேரில் முடித்தவர்கள் 39 பேர் மட்டுமே.

அதே ஆண்டு ஜூலையில் மூன்று வாரம் கட்டம் கட்டமாக நடந்து, எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் டூர் டி பிரான்ஸின் இரண்டாம் கட்டம், நெதர்லாந்தில் உட்ரெக்டிலிருந்து ஜீலந்து மாநிலத்தின் நேல்ட்யே யான்ஸ் வரை நடந்தது. அது புயல்வெள்ளத்தைத் தடுக்கும் ஊஸ்டர்ஸ்கெல்டே கடலரணைக் கட்டுவதற்காக உருவாக்கிய செயற்கைத் தீவு. கட்டம் முழுவதிலும் மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மழையும் காற்றும் சேர்ந்து வந்து கூட்டத்தை உடைத்தபோது கிறிஸ் ஃப்ரூமும் அல்பெர்தோ கொன்தாதோரும் முன்குழுவில் இருந்தார்கள். முந்தைய ஆண்டின் வெற்றியாளர் நிபாலியும், மலையேற்றத்தில் நிகரற்ற கொலம்பியர் நைரோ குவின்டானாவும் பின்குழுவில் அகப்பட்டு 1 நிமிடம் 28 நொடி இழந்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பாரிஸில் ஃப்ரூம் குவின்டானாவை முந்தியிருந்தது 1 நிமிடம் 12 நொடி. அந்த ஒரு நாளை ஒதுக்கிவிட்டு மற்ற இருபது கட்டங்களையும் கூட்டினால் குவின்டானா 16 நொடி முன்னால் இருக்கிறார். ஆல்ப்ஸ் மலையில் தீர்மானமானதாகப் பலரும் நினைவில் வைத்திருக்கும் பந்தயத்தின் கணக்கு அப்படி. (அதே கடலரணின் மேல், புயல் எச்சரிக்கை வரும் நாளாகப் பார்த்து, கியர் இல்லாத சைக்கிள்களில் எதிர்காற்றில் மிதிக்கும் தேசியப் போட்டி ஒன்றையும் டச்சுக்காரர்கள் நடத்துகிறார்கள், காற்றோடு அவர்களுக்குள்ள உறவு அத்தகையது.)

மழையும் வயலும் இல்லாத இடத்திலும் இது நிகழும். 2016 உலகப் போட்டியின் ஆண்கள் சாலைப் பந்தயம் தோஹாவில் நடந்தபோது, பாலைவனத்தில் பாதை திரும்பிக் காற்று பக்கவாட்டுக்கு வந்த இடத்தில், முடிவுக்கு 170 கிலோமீட்டருக்கும் மேல் மீதமிருக்கையிலேயே கூட்டம் பிளந்தது. அப்படிக் கூட்டத்தைப் பிளந்ததில் முதன்மையானவர்கள் பெல்ஜியர்கள். மார்செல் கிட்டல், ஆந்த்ரே கிரைப்பல் போன்ற அதிவேக வீரர்களைக் கொண்டிருந்த ஜெர்மனியின் வாய்ப்பு அங்கேயே முடிந்தது. பீட்டர் சகான் வென்றார், மார்க் கேவண்டிஷ் இரண்டாமிடம், டாம் பூனன் மூன்றாமிடம். பூனன் அதே பாலைவனக் காற்றில் கத்தார் சுற்றுப்பந்தயத்தை நான்கு முறை வென்றவர்.

இனித் தமிழ்ச் சொல். வேர்ப்பொருளை வைத்து 'படிவரிசை' என்று சொல்லலாம். ஆனால் 'படிநிலை' என்ற சொல் அதிகார அடுக்கைக் குறிப்பதாக நிலைபெற்றுவிட்டதால், படிவரிசை என்றதும் தகுதி வரிசையோ தரவரிசையோ என்ற ஐயம் எழும். ஐரோப்பியரைப் பின்பற்றி 'விசிறி' எனலாம். வீசு, விசிறு என்ற வினைகளின் நெருக்கம் டச்சுச் சொல்லின் பிறப்பைப் போலவே அழகாகப் பொருந்துகிறது. அதற்கும் ஓர் இடையூறு உண்டு. விளையாட்டுச் செய்திகளில் விசிறி என்றால் ரசிகர். ஆங்கிலத்தில் காற்று வீசும் 'ஃபேன்' தானியம் புடைக்கும் முறத்தின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. ரசிகரைக் குறிக்கும் 'ஃபேன்' வெறிப்பற்றாளரைக் குறிக்கும் வேறொரு சொல்லின் சுருக்கம். தொடர்பற்ற இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பெயர்த்ததால் நமக்கு ரசிகரும் விசிறியானார். 'சாலையெங்கும் விசிறிகள்' என்று எழுதினால் வாசகர் கையசைக்கும் மக்களைத்தான் நினைப்பார்.

ஆதலால் அமைப்புக்குச் 'சாய்வரிசை' என்பதே பொருத்தமானது. சாய்சதுரம், சாய்தளம் என்று பள்ளிப் பாடநூல்கள் பழக்கிவைத்திருக்கும் அதே வினைத்தொகை அமைப்பு. கேட்டவுடன் வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது. காற்றைக் குறிக்க வேண்டிய இடத்தில் 'பக்கக்காற்றுச் சாய்வரிசை' என்று விரித்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரரின் 'பொர்தியூர்' குறிக்கும் செயலுக்கோ நாம் எதையும் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. 'ஓரங்கட்டுதல்' என்று அலுவலகத்திலும் அரசியலிலும் நாள்தோறும் சொல்கிறோமே, ஒருவரை இடமில்லாமல் விளிம்புக்குத் தள்ளி ஒதுக்குவது, அது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மையாகிறது. டச்சு வருணனையாளர்களும் 'விளிம்பில் வைத்தார்கள்' என்றே பேசுகிறார்கள்.

காற்றின் பெயர்களிலும் ஒரு கவனம் வேண்டும். வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று தமிழில் காற்றுக்குள்ள பெயர்கள் அது வரும் திசையைக் கொண்டு அமைந்தவை. பந்தயத்திலோ காற்றின் திசையை மட்டும் சொல்லிப் பயனில்லை. சாலை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வடக்கு நோக்கிச் செல்லும்போது முகத்தில் அறையும் வாடை, சாலை கிழக்கே திரும்பியதும் இடப்பக்கக் காற்றாகிறது, தெற்கே திரும்பினால் முதுகைத் தள்ளுகிறது. அணி மேலாளர்கள் முந்தைய நாள் இரவே வரைபடத்தில் குறித்து வைப்பது இத்தகைய திருப்பங்களைத்தான்; மரவரிசை எங்கே முடிகிறது, ஊர் எங்கே தீர்ந்து வெளி தொடங்குகிறது என்பதையும் சேர்த்துக் குறிக்கிறார்கள். ஆகவே எதிர்காற்று, பின்காற்று, பக்கக்காற்று என்ற வழக்குச் சொற்களையே இவ்விளையாட்டுக்கு ஆள வேண்டும். 'ஊரைத் தாண்டிய திருப்பத்தில் பக்கக்காற்று பிடித்ததும் பெல்ஜியர்கள் சாய்வரிசை அமைத்து ஜெர்மானியரை ஓரங்கட்டினார்கள்' என்று தோஹாப் பந்தயத்தைப் பற்றி எழுதினால், சைக்கிள் பந்தயமே பார்த்திராத வாசகருக்கும் நடந்தது இன்னதென்று புரியும்.