அந்தச் சாடிப் படத்தை ஃபார்வர்ட் பண்ணுவதற்கு முன்

இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்துகிற எனக்கு, மாணவர்களும் சபைக்காரர்களும் வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றி அனுப்புகிற படம் ஒன்று உண்டு. இடுப்பில் கைவைத்தபடி ஒட்டி நிற்கும் இரண்டு உருவங்கள், கீழே “கடவுளும் அவர் மனைவி அசேராவும், சபை மறைத்த உண்மை!” அசேரா என்பது பழைய கானானியர் கும்பிட்ட பெண் தெய்வம்.

படம் நிஜம்தான். எகிப்தின் சீனாய் தீபகற்பத்து வடபகுதியில் குந்திலத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975-76இல் தோண்டி எடுத்த பெரிய சாடியில் இருப்பது, காலம் கி.மு. 800ஐ ஒட்டி. “சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அசேராவாலும் உங்களை ஆசீர்வதிக்கிறேன்” என்ற எழுத்தும் அதில் இருக்கிறது, யாவே என்பது இஸ்ரவேலின் கடவுளுடைய பெயர். ஆனால் உற்றுப் பாருங்கள், அந்த எழுத்து ஓர் உருவத்தின் தலையணி மேலேயே ஏறி ஓடுகிறது, படத்துக்கு விளக்கம் எழுதுகிறவர் அப்படியா எழுதுவார்? உருவங்கள் எகிப்தின் குட்டைத் தெய்வம் பேஸ் சாயல் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

அதே சாடியின் மறுபக்கத்தை யாரும் அனுப்புவதில்லை. அங்கே ஒரு மரம், இரண்டு பக்கமும் நின்று மேயும் காட்டாடுகள், அடியில் ஒரு சிங்கம். அசேராவைத் தேடுகிறவர்கள் பார்க்க வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான் என்பேன். பழைய யூதா நாட்டு நகரமான லாகீசில் 1934இல் கிடைத்த, அதைவிட நானூறு வருடமாவது பழைய கூஜாவிலும் இதே மரமும் ஆடுகளும் உண்டு, மரத்துக்கு நேர்மேலே ‘ஏலாத்’ என்ற பெயர். சிரியாக் கடற்கரையில் இருந்த பழைய நகரமான உகாரித்தின் களிமண் பலகைகளில், தலைமைத் தெய்வம் ஏலின் துணைவி அதிரத்துக்கு, அதாவது நம் அசேராவுக்கு, அந்தப் பெயரும் வழங்குகிறது.

சரி, சபை மறைத்ததா? யூதா ராஜா மனாசே அசேரா சிலையை எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே வைத்தான் என்று 2 இராஜாக்கள் 21 சொல்கிறது. 23ஆம் அதிகாரத்தில் அவன் பேரன் யோசியா ராஜா அதை வெளியே கொண்டுபோய், கீதரோன் ஓடையின் ஓரத்தில் எரித்துத் தூளாக்குகிறான், ஆலய வளாகத்தில் பெண்கள் அசேராவுக்காக நெய்துகொண்டிருந்த அறைகளையும் இடிக்கிறான். இதைவிட வெளிப்படையாக எப்படி எழுதுவது? வாசிக்காமல் விட்டது நாம்தான்.

இன்னொன்று, அசேராவின் அடையாளமாக வழிபாட்டிடங்களில் நட்ட கம்பத்தைக் காட்டி “இதுதான் அசேரா கம்பம்” என்று போட்டோ வந்தால் நம்பாதீர்கள். மரத்தாலானது, வெட்டி எரித்தாயிற்று, இதுதான் என்று உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. அப்புறம் கிறிஸ்துமஸ் மரம் அதிலிருந்து வந்தது என்கிற டிசம்பர் வீடியோ: அந்த வழக்கம் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பகுதிகளில் பரவியது, யோசியா கி.மு. 7ஆம் நூற்றாண்டு, நடுவே இருக்கிற இரண்டாயிரம் வருடத்துக்கு மேலான இடைவெளியைப் பற்றி அந்த வீடியோக்கள் மூச்சே விடுவதில்லை.