மாவுக்கட்டுக்குள் ஈர்க்கு விட வேண்டாம்

1954ஆம் ஆண்டு வெளியான அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'ரியர் விண்டோ' திரைப்படத்தில், கால் முறிந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்ட புகைப்படக் கலைஞர் ஒருவர், நியூயோர்க்கின் கோடை வெக்கையில், யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தபடியே எதிர்வீட்டில் ஒரு கொலை நடந்திருக்குமோ என்று சந்தேகிக்கிறார். கமெரா அநேகமாக அவருடைய அறையை விட்டு வெளியேறுவதே இல்லை. கொலையாளி அவரது வாசலுக்கே வந்துவிடும்போது, எழுந்து ஓட முடியாத அந்தக் கால்தான் பார்ப்பவரின் மூச்சைப் பிடித்து வைக்கிறது. வன்னியில் இயன்மருத்துவராகப் பணியாற்றும் எனக்கோ, அதற்கு வெகுமுன்னர் வரும் ஒரு சிறிய காட்சியே கூடுதல் பதற்றத்தைத் தந்தது: கட்டுக்குள் அரிப்பெடுக்க, அவர் நீண்ட கோல் ஒன்றை உள்ளே விட்டுச் சொறிந்து ஆறுதல் அடைகிறார்.

துணுக்காய்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்து, ஆவணி வெயிலில் தகரக் கூரையின் கீழ்க் கிடந்தபோது, விளக்குமாற்று ஈர்க்கினால் அதையே செய்திருந்தார். ஈர்க்கின் நுனி உள்ளே முறிந்து தங்கியதை அவர் எவருக்கும் சொல்லவில்லை. கட்டிலிருந்து நாற்றம் எழுந்த பின்னரே மனைவி அழைத்து வந்தார். வெட்டித் திறந்தபோது தோல் கிழிந்து சீழ் பிடித்திருந்தது. எலும்பு பொருந்திய பின்னும் புண் ஆறவில்லை. அவ்வாண்டு காலபோக விதைப்புக்கு அவரால் வயலில் இறங்க முடியவில்லை.

அரித்தால் கட்டின் மேல் விரலால் மெதுவாகத் தட்டலாம், விசிறலாம். உள்ளே எதையும் விடவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது.

படத்தில் தாதி ஒருவர் வீட்டுக்கே வந்து அவரைக் கவனிக்கிறார். எங்கள் கிராமங்களில் அந்த வேலை மனைவியிடமோ மகளிடமோதான் வந்து சேர்கிறது. ஆகவே அவர்களுக்கே இதை எழுதுகிறேன். முதல் சில நாட்களுக்குக் காலைத் தலையணைகள் மேல் நெஞ்சு மட்டத்துக்கு மேலாக உயர்த்தி வையுங்கள். கால்விரல்களை மணிக்கொரு தடவை அசைக்கச் சொல்லுங்கள். விரல்கள் வெளிறினாலோ, நீலித்தாலோ, குளிர்ந்து விறைத்தாலோ, குளிசைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, கட்டுக்குள் வீக்கம் குருதியோட்டத்தை நெரிக்கிறது என்று அஞ்ச வேண்டும். சில மணித்தியாலங்களிலேயே தசை அழியத் தொடங்கிவிடும். நோயாளி "தாங்கிக்கொள்ளுவேன்" என்று சொன்னாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழையுங்கள்.